ஐந்தாம் திருப்பத்துப் புல்

"புல்லு முளைச்சாத்தானுங்க அந்தத் தடம் மூடும். முளைக்க என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, அம்மிணி."

வனக்காப்பாளர் நாச்சிமுத்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நாற்றுப்பண்ணை வாசலில் நின்றார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பண்ணையை நடத்தும் மாசாணிக்கு முப்பத்திரண்டு.

மாசாணியிடம் கேள்வி கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். பதில் வராது, வேலை வரும்.

ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மண் சரிந்த மேடு, பழைய லாரித் தடம், தீப்பிடித்துக் கருகிய சரிவு, எதுவானாலும் மாசாணி கை வைத்தால் மறுபடி பச்சை பிடித்துவிடும் என்று மலை முழுக்கப் பேச்சு. ஜீப்பில் வந்த அதிகாரிகள்கூட நாற்றுப்பைக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

மாசாணி ஒரு காலிப் பையை நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அவர் உட்கார்ந்து மண் நிரப்ப ஆரம்பித்தார்.

"எந்தத் தடமுங்க?"

"வரையாட்டு மொட்டை உச்சிக்கு டிக்கெட் எடுத்து ஏறுவாங்களே, அந்தப் பாதைங்க. மொத்தம் ஏழு திருப்பம். அஞ்சாவது திருப்பத்துல இருந்து நாலாவதுக்கு நேரா இறங்கற குறுக்கு ஒண்ணு இருக்குது. பத்து நிமிசம் மிச்சமாகும். அதனால எல்லாரும் அதுலயே இறங்கறாங்க."

"போர்டு வெச்சீங்களா?"

"வெச்சேனுங்க. வழுக்கற எடத்துல போர்டைப் புடிச்சுக்கிட்டு இறங்கறாங்க."

"கல்லு?"

"அதுல உக்காந்து போட்டோ எடுத்துக்கறாங்க."

"முள்ளு?"

"முள்ளுதானுங்க இப்பக் கெடக்குது."

மாசாணிக்குச் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்துவுக்கு வரவில்லை.

"எல்லா மலையிலயும்தான் குறுக்கு இருக்குது. இதுக்கு மட்டும் எதுக்குங்க இவ்வளவு பாடு?"

நாச்சிமுத்து பையை நிரப்புவதை நிறுத்தினார்.



ஐப்பசியில் திருப்பூரில் இருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. நாற்பது பிள்ளைகள். அதில் கவிநயா என்று ஏழாம் வகுப்புப் பெண் அந்தக் குறுக்கில் ஓடி இறங்கினாள். பாதி வழியில் கால் வழுக்கி உருண்டு, ஒரு பாறையில் மோதித்தான் நின்றாள். இடது கால் முறிந்துவிட்டது.

அப்போது நாச்சிமுத்து கீழே கேட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓடி வந்து சொன்னதும் மேலே ஓடினார். இரண்டு கையிலும் அவளை ஏந்திக்கொண்டு, ஒரு வாத்தியார் முறிந்த காலைத் தாங்கிப் பிடித்து வர, இரண்டு கிலோமீட்டர் இறங்கினார்.

"அழுகவே இல்லீங்க அந்தப் பாப்பா. வழி நெடுக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அங்கிள், நான் திரும்ப நடப்பேனான்னு."

"என்ன சொன்னீங்க?"

"சொல்ல வாயே வரலீங்க. வண்டியில ஏத்திவிட்டேன். கதவைச் சாத்தற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

பையில் இருந்த மண்ணை விரலால் அழுத்தினார். பை போதுமான அளவு நிறைந்துதான் இருந்தது.

"இன்னொரு புள்ள அங்க விழக் கூடாதுங்க, அம்மிணி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மாசாணி எழுந்து போய் ஒரு கூடை நிறைய மலைப்புல் கொண்டுவந்து வைத்தார். வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிய புல்.

"சாணுக்கு ஒண்ணு நடுங்க. மிதி படாம இருந்தாப் புடிச்சுக்கும்."



மாசி பிறந்ததும் நாச்சிமுத்து மறுபடி வந்தார்.

"அத்தனையும் செத்துப்போச்சுங்க. பொங்கல் லீவுக்கு வந்த கூட்டம் மிதிச்சே கொன்னுருச்சு."

"இப்பக் கூட்டம் வருதா?"

"இல்லீங்க. தீக்காலம்னு நேத்துத்தான் கேட்டைப் பூட்டினோம். இனி மே மாசம்தான் தெறப்பாங்க."

மாசாணி இன்னொரு கூடையைக் கொண்டுவந்தார்.

"முதல் கோடை மழை விழுந்ததும் நடுங்க. அதுவரைக்கும் இதை நெழல்ல வெச்சுத் தண்ணி தெளிங்க."

நாச்சிமுத்து சொன்னபடியே செய்தார். தம் குடிசைக்குப் பின்னால் புல்லை வைத்து ஒரு மாதம் தண்ணீர் தெளித்தார். மழை விழுந்த மறுநாள் முழங்காலில் நின்று நட்டார். இந்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை.



சித்திரையில் அவர் வந்தபோது கும்பிடு போடக்கூட மறந்துவிட்டார்.

"உங்க புல்லுலதான் ஏதோ கோளாறு, அம்மிணி."

மாசாணி பூவாளியைக் கீழே வைத்தார்.

"கேட்டைப் பூட்டி எழுபது நாளாச்சுங்க. மழையும் ரெண்டு பேஞ்சுது. ரெண்டு பக்கமும் கணுக்கால் ஒசரத்துக்குப் பச்சையா நிக்குது. நடுவுல அந்தத் தடம் மட்டும் மொட்டையாக் கெடக்குதுங்க. இன்னும் ஒரு வாரத்துல கேட்டைத் தெறந்துருவாங்க. பெரிய லீவு. அத்தனை புள்ளைகளும் வரும்."

அவர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் திருகினார்.

"மான் மிதிச்சிருக்குமா?"

"புழுக்கை ஒண்ணுகூட இல்லீங்க."

"காட்டுப்பன்னி?"

"கிளறின தடம் இல்லீங்க."

"நல்லாத் தெரியுமா?"

"தெனமும் பாக்கறேனுங்களே. காத்தால மொட்டை வரைக்கும் ஏறி இறங்கறப்போ அங்க போய்ப் பாக்காம ஒருநாள் வந்ததில்லீங்க. காச்சல் வந்தன்னிக்குக்கூடப் போனேன்."

மாசாணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை.

"நாளைக்கு நானும் வர்றேனுங்க."



மறுநாள் காலையில் இருவரும் ஏறினார்கள். நாச்சிமுத்து பூட்டைத் திறந்து, உள்ளே வந்து, மறுபடி பூட்டினார். யாரும் இல்லாத பாதை சருகு மூடிக் கிடந்தது. மொட்டை வரை போய்விட்டுத் திரும்பினார்கள்.

ஐந்தாம் திருப்பம் வந்தது.

நாச்சிமுத்து நிற்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பேசிக்கொண்டே முள்வேலிப் பக்கம் திரும்பினார். எந்தக் கிளை குத்தும், எது குத்தாது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு கிளையைப் பிடித்து அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"பாத்து வாங்க, அம்மிணி. வழுக்கும்."

மாசாணி பெரிய பாதையிலேயே நின்றார்.

"நீங்க போங்க."

நாச்சிமுத்து இறங்கினார். பக்குவமாக, ஒரே சீராக இறங்கினார். பாதிச் சரிவில் அந்தப் பாறை இருந்தது. அதன்மேல் கை வைத்து, சுற்றிலும் எட்டிப் பார்த்து, குரல் கொடுத்தார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

காடு சும்மா இருந்தது.

"யாராச்சும் விழுந்து கெடக்கீங்களா, சாமி?"

பதில் இல்லை என்று உறுதியானதும் பெருமூச்சு விட்டார். யாரும் இல்லை என்று மாசாணியிடம் சொல்ல மேலே திரும்பிப் பார்த்தார்.

மேலே முள் விலகி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தது. அங்கிருந்து அவர் நிற்கிற இடம் வரை ஒரு அடி அகலத்துக்கு வெறும் மண். ஈர மண்ணில் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. இன்றைய தடத்துக்கு அடியில் நேற்றைய தடம், அதற்கும் அடியில் முந்தாநாள் தடம். அத்தனையும் ஒரே பூட்ஸ்.

நாச்சிமுத்து குனிந்து தம் காலைப் பார்த்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"நான்தானுங்களா?"

மாசாணி முள்ளை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார்.

"நான் சுத்தி வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய பாதையில் நடந்தார்.



நான்காம் திருப்பத்துக்கு மாசாணி வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. நாச்சிமுத்து இன்னும் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்திருந்தார்.

"என்னங்க, இறங்கலியா?"

"எப்படி இறங்கறதுங்க? எங்க கால் வெச்சாலும் மிதிக்கோணுமே."

ஐம்பத்தைந்து வயது ஆள், காக்கிச் சட்டையோடு பாறைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒருக்கா மிதிங்க. புல்லு அதைத் தாங்கும்."

அவர் இறங்கி வந்தார். வந்தவர் பாதையோரம் உட்கார்ந்தார். மாசாணியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாராச்சும் விழுந்து கெடந்தா, நான் பாக்காம உட்டுட்டா என்ன பண்றதுன்னுதானுங்க தெனமும் போனேன்."

"தெரியுமுங்க."

"கேட்டுப் பூட்டியிருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது. இருந்தாலும் போகாம இருக்க முடியலீங்க. அந்தப் பாறையைப் பாத்துட்டு வந்தாத்தான் சோறு எறங்குது."

மாசாணி ஒரு சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாப்பா இப்ப எப்படி இருக்குதுங்க?"

நாச்சிமுத்து பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினார்.

"நடக்குதா?"

"தெரியாதுங்க."

"விலாசம்?"

"அதெல்லாம் தெரியுமுங்க. விபத்து ரிப்போர்ட் எழுதினது நான்தான். கதவு நம்பர் வரைக்கும் மனப்பாடம்."

"போய்ப் பாக்கலியா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? நடக்கலைன்னு சொல்லிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

மாசாணி எழுந்து சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டார்.

"ஆறு மாசமா இங்க வந்து கூப்பிடறீங்க" என்றார். "அந்தப் பாப்பா இங்கயா இருக்குது?"

அவ்வளவுதான் சொன்னார். கீழே இறங்கிப் போய்விட்டார். இந்த முறை கூடை எதுவும் கொடுக்கவில்லை.



அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நாச்சிமுத்து மலையிறங்கினார். கிளம்பும் முன் காக்கிச் சட்டையைப் போட்டார், கழற்றினார், வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை.

ஆறு மாதத்தில் அன்று ஒருநாள்தான் குறுக்கில் யார் காலும் படவில்லை.

திருப்பூரில் அந்தச் சந்து முழுக்கத் தையல் மெஷின் சத்தமாக இருந்தது. கதவு எண்ணைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பச்சைக் கதவு. பக்கத்துச் சுவரில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. அதன் டயரில் காற்று இல்லை. குனிந்து அந்த டயரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

கதவைத் தட்டினார்.

உள்ளே மெஷின் நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது.

"கவி, யாருன்னு பாரு கண்ணு."

நாற்காலி நகர்ந்தது.

அப்புறம் தரையில் ஒரு காலடி அழுத்தமாக விழுந்தது. அடுத்தது லேசாக, இழுத்தாற்போல விழுந்தது. மறுபடி ஒன்று அழுத்தமாக.

நாச்சிமுத்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வந்துகொண்டிருந்த ஒவ்வொரு அடியையும் கேட்டார்.