தித்திப்புப் புளியும் கறுத்த சிங்கங்களும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டை அவர் ஆண்டார். அவரை அவர் நாக்கு ஆண்டது. அரண்மனைத் தோட்டத்தில் ஒரு புளியமரம் அதிசயமாகத் தித்திப்பாய்க் காய்த்தது. அந்தப் பழத்தைச் சப்புக்கொட்டித் தின்றவர், "இனி என் நாட்டில் புளிக்கும் புளியே இருக்கக் கூடாது. மற்ற மரங்களை வெட்டிவிட்டு இதன் கன்றையே நடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அரசவை விகடன் அம்பலத்தாடி இதைத் தடுக்க நினைத்தான். அவன் கரிசல்காட்டுக்காரன். மழை பொய்த்த வருஷமெல்லாம் அவன் ஊருக்குக் கஞ்சி ஊற்றியது புளியமரம்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் தளவாய் வில்லவராயர் முந்திக்கொண்டார். சபையில் விகடனுக்குக் கிடைக்கும் மதிப்பைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, இந்தப் பொறுப்பை அம்பலத்தாடியிடமே ஒப்படையுங்கள். தவறினால் நாடு கடத்திவிடலாம்."

ராஜா தலையாட்டினார். வெட்டினால் ஊர்ச் சாபம், வெட்டாவிட்டால் நாடு கடத்தல். தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். போகட்டும், மீசை வைத்தவர் தடவத்தானே செய்வார்.

"உத்தரவு, மகாராஜா. நாடு என்றால் அரண்மனையும் சேர்த்திதானே? இங்கிருந்தே தொடங்குகிறேன்" என்றான் அம்பலத்தாடி.

அன்றே அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து புளிக்கும் புளியெல்லாம் வெளியேறி, தித்திப்புப் புளி உள்ளே வந்தது. மீன்குழம்பு பாகாக வந்தது. ரசம் பானகமாக வந்தது. ராஜா வீம்புக்கு விழுங்கினார்.

சில நாளில் அயல்நாட்டுத் தூதர் வந்தார். ராஜா கம்பீரமாகச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். அமர்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தார். கைப்பிடியில் இருந்த பித்தளைச் சிங்கங்கள் இரண்டும் கன்னங்கரேலென்று கிடந்தன. தித்திப்புப் புளி போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு வரவில்லை, எறும்புதான் வந்திருந்தது.

"யார் செய்த வேலை இது?"

"தங்கள் உத்தரவு செய்த வேலை, மகாராஜா." அம்பலத்தாடி மடியிலிருந்து மூன்று புளி உருண்டைகளை எடுத்தான். "என்னோடு நாடு கடத்தப்பட வேண்டிய குற்றவாளிகள் இவர்கள். இது கடற்கரைப் புளி, மீன் இதற்குத்தான் அடங்கும். இது மலைப்புளி, ரசத்துக்கு இதன் சதைதான் வேண்டும். இது எங்கள் கரிசல் புளி. வாயில் வைத்தால் பல் கூசும், பித்தளையில் வைத்தால் பொன்னாகும்." ஒரு சிங்கத்தின் தாடையில் தேய்த்தான். தாடை மின்னியது.

"புளியில் என்ன இருக்கிறது? தேய்த்த கை சரியில்லை" என்றார் தளவாய்.

"அப்படியானால் உமது கையைப் பார்ப்போம். தித்திப்புப் புளியை எடுத்து மற்றச் சிங்கத்தைத் தேயும்" என்றார் ராஜா, கடிபட்ட இடத்தைத் தடவியபடி. அத்தோடு மரம் வெட்டும் உத்தரவும் ரத்தாயிற்று. "அம்பலத்தாடி, அந்தத் தித்திப்பு மரம் இனி உனக்கு."

"ஒரே மரத்தைத் தந்து ஏமாற்றாதீர்கள், மகாராஜா. கடற்கரையில் ஒன்று, மலையில் ஒன்று, கரிசலில் ஒன்று தாருங்கள். என் வீட்டிலும் மீன் உண்டு, ரசம் உண்டு, பித்தளையும் உண்டு."

ராஜா விக்கல் எடுக்கும்வரை சிரித்து, நான்கு மரங்களையும் கொடுத்தார். தூதரும் சிரித்தார், சபையே சிரித்தது. சிங்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த தளவாய் மட்டும் சிரிக்கவில்லை. எறும்பு அதற்குள் அவர் மீசைவரை ஏறியிருந்தது.