வாடகை ஆசிரியர் இருவர்

புதுப் பெயிண்ட் வாசனை வீசும் கல்விக்கூடத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பிள்ளைகள் படிக்கிற இடம் என்றால் சுவரில் கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் வேண்டும். நான் சொல்லப்போகும் வணிக மேலாண்மைப் பள்ளியில் அன்று பெயருக்குக்கூட அழுக்கு இல்லை. வாசல் தொட்டியில் இருந்த செடியின் இலைகளைக்கூடத் துடைத்துவைத்திருந்தார்கள்.

தெற்குச் சீமையில் ஒரு பல்கலைக்கழகம். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். வணிகவியல் துறைக்குப் பின்னால் இரண்டு அறைகளில், நாற்பது பிள்ளைகளோடு நடந்துவந்த மேலாண்மைப் பள்ளியை நூற்றிருபது இடங்களாக உயர்த்தித் தனிக் கட்டடமும் கட்ட அது ஆசைப்பட்டது. அதற்கு ஆய்வுக்குழு வந்து பார்த்து, சரி என்று எழுத வேண்டும். குறைந்தது மூன்று முழுநேர ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது விதி.

குழுவில் இரண்டு பேர். தலைவர் வேலாயுதப் பெருமாள், முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியர். உடன் வந்த சதாசிவம், எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க நினைப்பவர். கிளம்புவதற்கு முதல் நாள் பெருமாளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. "அங்கே உங்களுக்குக் காட்டப்போகும் மூவரில் ஒருவர்தான் பாடம் நடத்துகிறார். மற்ற இருவரும் ஆய்வு நாளுக்கு மட்டும் வருகிறவர்கள்."

மொட்டைக் கடிதத்தை நம்பக் கூடாதுதான். ஆனால் வருகைப் பதிவேட்டைப் பார்த்ததும் பெருமாளுக்கு நம்பத் தோன்றியது. மூன்று ஆண்டுகளில் மூவரும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஒருவர் வீட்டிலும் கல்யாணமோ சாவோ நடக்கவில்லை. எல்லாக் கையெழுத்தும் ஒரே நீல மையில் பளிச்சென்று இருந்தது.

பிள்ளைகளைக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். துறைத்தலைவர் குற்றாலிங்கம் குழுவை அட்டையாக ஒட்டிக்கொண்டு திரிந்தார். அகமதிப்பெண் போடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

வாடகை ஆசிரியர் என்று யார் பெயர் அறிக்கையில் ஏறுகிறதோ, அவரை அப்புறம் எந்தக் கல்லூரியும் வேலைக்குச் சேர்க்காது. பெருமாள் இரண்டு பெயர்களை எழுதியாக வேண்டும். ஆள் மாறிப்போனால், மூன்று ஆண்டுகளாகத் தனியாளாய் உழைத்தவரின் பிழைப்பில் மண் விழுந்துவிடும்.

"மூணு பேரும் ஆளுக்குக் கால் மணி நேரம் பாடம் எடுக்கட்டும்" என்றார் பெருமாள்.

"தாராளமா எடுக்கட்டும் சார்" என்றார் குற்றாலிங்கம். அவர் நெற்றி வேர்த்தது. சித்திரை மாதம், யாருக்கும் வேர்க்கத்தான் செய்யும்.

வகுப்பறையில் நாற்பது பேரும் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். முந்தின நாள் மாட்டிய ப்ரொஜெக்டர், உறை முழுதாய்ப் பிரியாமல் தொங்கியது. மூன்று பழைய மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. குழுவினர் பின்பெஞ்சில் அமர்ந்தார்கள்.

முதலில் பிரகதீஸ்வரன் வந்தார். வெண்கலக் குரல். ப்ரொஜெக்டரை ஒரே தட்டில் இயக்கி, விற்பனை உத்திகளை விளாசித் தள்ளினார். "அபிநயா, நீ சொல்லு. ஆல்பர்ட், நீ சொல்லு. இளவரசு, அடுத்தது நீ" என்று மூச்சுவிடாமல் பெயர் சொல்லிக் கேட்டார். சதாசிவம் சொக்கிப்போனார்.

அடுத்து பத்மலோசனி, நிதி மேலாண்மை. மெல்லிய குரல். விசிறிச் சத்தத்தில் பின்பெஞ்சுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. ஆனாலும் பிள்ளைகள் விடாமல் தலையாட்டினார்கள். எதற்கு ஆட்டுகிறார்கள் என்றுதான் பெருமாளுக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாக ஜெயசீலி, மனிதவளம். படபடப்பில் படி தடுக்கி உள்ளே வந்தார். அவர் மேடையில் ஏறி நின்றதும், சுவரோரம் இருந்த ஒரு பையன் எழுந்துபோய் மூன்று விசிறிகளையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, யாருல ஃபேனை அணைச்சது? போடுல!" குற்றாலிங்கம் பதறினார்.

"இருக்கட்டும் சார்" என்று பெருமாள் அவரை அடக்கினார்.

ஜெயசீலி ப்ரொஜெக்டரின் பொத்தானைத் தேடித் தடவிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். பத்மலோசனியைப் போலவே மெல்லிய குரல். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நீ சொல்லும்மா, நீ சொல்லுப்பா" என்று கையைக் காட்டியதோடு சரி. கால் மணி நேரத்தில் அத்தனை பேர் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்ததும் சதாசிவம் பெருமாளின் காதில் சொன்னார். "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அந்தம்மா வாடகைதான். ப்ரொஜெக்டர் போடத் தெரியல, ஒரு பேர் தெரியல. பசங்க ஃபேனை நிறுத்திக் கேலி பண்றாங்க. பிரகதீஸ்வரன்தான் நிஜமான வாத்தியார். மத்த ரெண்டு பேரையும் எழுதுங்க, ட்ரெயினுக்கு நேரமாச்சு."

பெருமாள் பேனாவைத் திறந்து இரண்டு பெயர்களை எழுதினார். எட்டிப் பார்த்த சதாசிவத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நீங்களும் சந்தேகப் பிராணிதானே? சொல்லுங்கள், மூவரில் அங்கே உண்மையாகப் பாடம் நடத்திவந்தவர் யார்?

விடை: ஜெயசீலி. அவர் வாயைத் திறக்கும் முன்பே விசிறிகள் நின்றுவிட்டன. அவர் குரல் மெல்லியது என்பது தினமும் கேட்டுப் பழகியவர்களுக்குத்தானே தெரியும்? பத்மலோசனியின் குரலும் எட்டவில்லை, அதற்காக ஒருவரும் எழவில்லை. வரிசையாக உட்காரவைத்துக் கையில் பட்டியலையும் கொடுத்தால், பிரகதீஸ்வரன் சொன்ன பெயர்களை நானும் சொல்லிவிடுவேன். தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கையைக் காட்டினாலே போதும். நேற்று வந்த ப்ரொஜெக்டரை ஒத்திகை பார்த்தவர் இயக்குவார். சாக்பீஸோடு மூன்று ஆண்டுகள் நின்றவர் தடுமாறத்தான் செய்வார். மற்ற இரண்டு இடங்களுக்கும் நிஜமான ஆட்களைப் போடும்வரை பள்ளியை விரிவாக்கக் கூடாது என்று பெருமாள் எழுதிக் கையெழுத்திட்டார். துறைத்தலைவருக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசப் பயந்த நாற்பது பிள்ளைகள், தங்கள் ஆசிரியர் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காகச் சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.