தெற்கு வாரியத்துக்குத் தகுதியான ஆள்

"தெற்கு வாரியத்தில் காலியாக இருக்கும் இருக்கையை எனக்குக் கொடுங்கள், மன்னா" என்றாள் அங்காயி.

சபை சிரித்தது. அவள் எதைச் சொன்னாலும் சபை சிரிக்கும். அதற்குத்தான் அவளை அங்கே வைத்திருந்தார்கள்.

முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். எந்த நாடாக இருந்தாலும் இந்தக் கதை நடந்திருக்கும். ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு நகரம். நகரத்தின் தண்ணீர், தெரு, சாக்கடை எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க நான்கு திசைக்கு நான்கு வாரியங்கள். வாரியத்தார் மேற்பார்வையை மாடியில் இருந்தே பார்த்தார்கள். மாடியில் இருந்து பார்த்தால் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் தெரியும்.

அங்காயி தெற்கே தென்மடைத் தெருக்காரி. கோயில் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே மாடு மேய்க்கிற சாக்கில் எட்டு வருடம் நின்று எழுத்துக் கற்றவள். அந்தத் தெருவில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி, வீடுகளுக்குள் புகுந்து, கிணற்றிலும் கலந்தது. ஒரே மாதத்தில் பதினோரு பேர் வாந்திபேதியில் போனார்கள். அங்காயி மனு எழுதி, தானே சபையில் வந்து படித்தாள். "எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் ஊர்ச் சாக்கடை மிதக்கிறது, மன்னர் ஒரு நாள் சாப்பிட வர வேண்டும்" என்று அது தொடங்கியது.

மன்னர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்படி விகடமாகப் பேசுகிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்றார். அந்த இடத்திலேயே அவளை அரண்மனை விகடகவியாக நியமித்தார். வேலை கிடைத்தது. மனுவுக்குப் பதில் கிடைக்கவில்லை.

நியமித்த அன்றே அரண்மனை அதிகாரி அவளுக்கு ஒரு விதி சொன்னார். பொன் கேட்கலாம், பட்டு கேட்கலாம், பசிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பதவி மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது. திருப்பிச் சொல் என்றார். மூன்று தடவை திருப்பிச் சொன்னாள்.

இப்போது கேட்டுவிட்டாள். இன்னும் இருபது நாளில் மழை.

சிரித்து முடித்த சபை, அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்தது. மந்திரி மழவராயர் எழுந்தார். அந்த இருக்கையைத் தம் மருமகன் ஏகவாசகருக்கு என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். தற்காலிகமாக அந்த வாரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் மருமகன்தான்.

"மன்னர் பெருமானே, வாரிய இருக்கைக்குத் தகுதிகள் உண்டு. சொந்த மனையில் சொந்த வீடு வேண்டும். முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். தகப்பனாரோ பாட்டனாரோ அதே இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். என் மருமகனுக்கு நீரைப் பற்றி மட்டும் நூற்றெட்டுப் பாடல்கள் மனப்பாடம்."

"குடத்தில் பிடித்திருக்கிறாரா?" என்றாள் அங்காயி.

"எதை?"

"நீரை."

ஏகவாசகர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் கூரையைப் பார்த்தார். மன்னர் சிரித்தார்.

"பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பரீட்சை வைப்போம். மழவராயரே, நீரே பரீட்சையைச் சொல்லும்" என்றார் மன்னர்.

மழவராயர் அதிகம் யோசிக்கவில்லை. "தெற்கே உள்ள ஏழு தெருக்களும் மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் சுத்தமாக வேண்டும். வாரிய ஆட்களில் ஒருவரைக்கூட இவள் ஏவக் கூடாது. இவளோ இவள் உறவினரோ துடைப்பத்தைத் தொடக் கூடாது. வாரியத்தாருக்கு வேலை வாங்கத் தெரிய வேண்டுமே தவிர வேலை செய்யத் தெரியக் கூடாது. அது பதவிக்கு இழுக்கு."

"தோற்றால்?" என்றார் மன்னர்.

"தென்மடைத் தெருவைக் கோட்டைக்கு வெளியே தூக்கிவிடலாம், பெருமானே. புகார் அங்கிருந்துதானே வருகிறது. தெரு இல்லையென்றால் புகாரும் இல்லை."

நாற்பத்திரண்டு குடும்பம். கோட்டைக்கு வெளியே கள்ளிக்காடு, அதைத் தாண்டிப் பிணம் சுடும் எரிமேடு.

"சம்மதமா?" என்றார் மன்னர்.

"சம்மதம், மன்னா. வெயிலில் நிறைய நடக்க வேண்டியிருக்கும். கால் சுடுகிறது. தங்களுடைய பழைய பாதுகை ஒரு ஜோடி கிடைக்குமா?"

இது விகடகவி கேட்கக்கூடிய பொருள்தான். மன்னர் மகிழ்ந்து கொடுத்தார். மழவராயரும் புன்னகைத்தார். அவர் செய்த பெரிய தப்பு அந்தப் புன்னகை. ஏனென்று சொல்கிறேன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மன்னர் நகர்வலம் வரும் தெருவை முந்தின நாளே கூட்டிக் கழுவி, கோலமிட்டு, தோரணம் கட்டிவிடுவார்கள். அதனால் மன்னர் தம் வாழ்நாளில் ஒரு குப்பையைக்கூடப் பார்த்ததில்லை. சில வருடங்களாக அவருக்கு முழங்கால் வலி. நகர்வலம் நின்றால் ஜனங்கள் பேசுவார்கள். ஆனால் மன்னர் வீதியில் இறங்காமல் இருப்பது மழவராயருக்குச் சௌகரியம். ஆகவே அவரே ஒரு சட்டம் எழுதி, முத்திரை வாங்கி, தமுக்கு அடித்து அறிவித்தார்: மன்னருக்குப் பதிலாக அவர் பாதுகை எழுந்தருளும், பாதுகை எழுந்தருளும் தெரு மன்னர் எழுந்தருளும் தெருவே, அது அங்கே இருக்கும் நேரம் வரை அந்தத் தெருவில் அழுக்கு இருந்தால், அந்த வாரியத்தை மேற்பார்ப்பவர் தாமே கூடை சுமக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ஏகவாசகர் வீட்டுக்கு ஓர் ஓலை போனது. நாளைக் காலை மன்னரின் பாதுகை தெற்கே ஆறு தெருக்களில் எழுந்தருளும். மறுநாள் தென்மடைத் தெருவில் எழுந்தருளும். கீழே அங்காயியின் கையெழுத்து. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஏகவாசகர் ஓலையை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆளனுப்பிக் கேட்டார்: "பாதுகைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?"

"பாதுகை நலமாக இருக்கிறது" என்று பதில் வந்தது.

மறுநாள் அங்காயி ஒரு பட்டுத் தலையணையில் பாதுகையை வைத்து, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் யாரையும் ஏவவில்லை. ஒரு துடைப்பத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்கு முன்னால் இருநூறு வாரிய ஆட்கள் கூடையும் மண்வெட்டியுமாக ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் ஏகவாசகர் ஓடினார். பொழுது சாய்வதற்குள் ஆறு தெருவும் துலக்கிய வெண்கலப் பாத்திரம் மாதிரி ஆனது.

மூன்றாம் நாள் தென்மடைத் தெரு. அங்காயியின் ஆத்தா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏண்டி, அந்தத் தம்பி யாரு? மூஞ்சில துணிய கட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு என்ன நோவு?"

"நோவு இல்ல ஆத்தா. நம்ம வாரியத்தைப் பாக்குறவரு."

"இவரா? இத்தன வருசமா எங்க இருந்தாராம்?"

"பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அரமன சோறு கசக்குதா ஒனக்கு? மூணு வேளையும் சிரிச்சுப் பேசிட்டு வந்தா போதும்னு இருந்த. இப்பத் தோத்தன்னா நம்மள எரிமேட்டுல கொண்டுபோய்க் கொட்டிருவானுவ. தெருவே ஒன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

"தெரியும் ஆத்தா. நீ தொடப்பத்தத் தொட்டுறாத."

தெருவைக் கூட்டியாகிவிட்டது. சாக்கடை மட்டும் மிச்சம். ஏகவாசகர் அதன் மேல் வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னார். மேலே கொஞ்சம் மல்லிகையும் தூவச் சொன்னார். அங்காயி தலையணையை இறக்கி, சாக்கடை ஓரத்தில் வைத்து, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு அம்மா, ஊர்வலம் முடிந்தது" என்றார் ஏகவாசகர்.

"மன்னர் இங்கே கொஞ்சம் இளைப்பாற விரும்புகிறார்."

"எவ்வளவு நேரம்?"

"காற்று நன்றாக வரும் வரை."

சட்டம் ஏகவாசகருக்கு நன்றாகத் தெரியும். அவர் பார்வை ஓரமாகக் கிடந்த கூடைமேல் போய் நின்றது. துணியை எடுக்கச் சொன்னார். ஆட்கள் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே இருந்து வந்துகொண்டே இருந்தது. ஏகவாசகர், முகத்துணி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல், சாக்கடையோடு மேற்கே நடந்தார். வண்டலில் ரோஜா இதழ் கிடந்தது. அரைத்த சந்தனம் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. நெய் வழிந்த வாழையிலை அடுக்கடுக்காக அடைத்துக்கொண்டிருந்தது.

"எங்க தெருவுல யாரும் பன்னீர்ல குளிக்கிறதில்லங்க" என்றார் மண்வெட்டி பிடித்திருந்த ஓர் ஆள், மரியாதையாக.

சாக்கடை ஒரு பெரிய மதிலில் போய் முடிந்தது. மதிலின் அடியில் ஒரு மதகு. உள்ளே அரண்மனைக் குளியல் மண்டபம்; அதை ஒட்டிப் பிரபுக்களின் பதினொரு மாளிகைகள். ஒன்று மழவராயருடையது. ஏகவாசகர் வசிப்பதும் அங்கேதான்.

அவர் மதகைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். தெருக்கோடியில் பாதுகை அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாமனார் கோபத்தைச் சுமப்பதா, கூடையைச் சுமப்பதா என்று அவர் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு, "கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவாருங்கள்" என்றார். மதகை அடைத்தார்கள். மாலைக்குள் தென்மடைச் சாக்கடை வற்றி, அடித்தளக் கருங்கல் தெரிந்தது. அங்கே அப்படி ஒரு கல் இருப்பது ஆத்தாவுக்கே அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை சபை கூடியது. மன்னர் அனுப்பிய தூதர்கள் ஏழு தெருவையும் பார்த்துவிட்டு வந்து, சுத்தம் என்றார்கள். மழவராயர் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்தார்.

"இது செல்லாது, பெருமானே. இவள் ஒன்றுமே செய்யவில்லை. ஆட்களை ஏவியது என் மருமகன்."

"நீர்தானே யாரையும் ஏவக் கூடாது என்றீர்?" என்றார் மன்னர்.

"சுத்தமானது பாதுகையின் மகிமையால். அப்படிப் பார்த்தால் தகுதி பாதுகைக்குத்தான்."

"பாதுகைக்கு முப்பத்தைந்து வயது ஆகவில்லை" என்றாள் அங்காயி.

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். அவள் நிறுத்தவில்லை.

"மூன்று நாளில் செய்ய முடிகிற வேலை, மன்னா. ஆள் இருக்கிறது, கூடை இருக்கிறது, செய்யவும் தெரிந்திருக்கிறது. மூன்று வருடமாகச் செய்யவில்லை. மந்திரியார் தகுதி என்று பெரிய பட்டியல் படித்தார். அந்தத் தெருவில் ஒரு மழைக்காலம் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று அதில் ஏன் இல்லை?"

மன்னர் இதற்கும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிம்மாசனத்தின் கையைத் தட்டி, முழங்கால் வலியையும் மறந்து சிரித்தார். தம் கையிலிருந்த காப்பைக் கழற்றி நீட்டினார்.

"வாங்கிக்கொள். இருக்கையும் உனக்கே. ஓலை எழுதுங்கள், இப்போதே முத்திரை வைக்கிறேன். தினமும் காலையில் வந்து எனக்கு ஒரு விகடம் மட்டும் சொல்லிவிட்டுப் போ."

ஓலை எழுதி முத்திரை வைத்தார்கள். அங்காயி ஓலையை வாங்கினாள். அதை ஒரு தடவை முழுக்கப் படித்தாள். காப்பை வாங்கவில்லை.

அப்போது ஒரு பணிப்பெண் வேகமாக உள்ளே வந்து மன்னரின் காதில் எதையோ சொன்னாள். மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"குளியல் மண்டபத்தில் தண்ணீர் வெளியே போகவில்லையாம். படிவரை ஏறிவிட்டதாம். நாற்றம் வேறு. மழவராயரே, உம் வீட்டிலும் சமையற்கட்டுக்குள் வந்துவிட்டதாமே?"

மழவராயர் மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தார்.

"மதகை அடைத்திருக்கிறது, மன்னா" என்றாள் அங்காயி. "அடைக்கச் சொன்னவர் ஏகவாசகர். இனித் திறக்கச் சொல்ல வேண்டியது தெற்கு வாரியம். இந்தப் பக்கத்துக் கழிவு கோட்டைக்கு வெளியே போகத் தனி வாய்க்கால் வெட்டி முடியும்வரை வாரியம் திறக்காது. மழைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. இருநூறு ஆட்களையும் காலையிலேயே அந்த வேலைக்குப் போகச் சொல்லிவிட்டேன்."

"காலையிலேயா? உனக்கு இருக்கை கொடுத்தது இப்போதுதானே?"

"ஆமாம்."

மன்னர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வழக்கம்போல அது சிரிக்காமல் இருந்தது.

"அங்காயி" என்றார் மெதுவாக, "இது விகடம்தானே?"

"நான் இந்தச் சபையில் ஒரு விகடமும் சொன்னதில்லை, மன்னா."

அவள் கும்பிட்டாள். ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கால் வெட்டுகிற இடத்துக்குப் போக வெளியே நடந்தாள்.