அழாத ஊர்

மலைகளுக்குக்கூடப் பெயர் வைக்காத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். நெடுங்குளம் என்ற நாட்டை வீரகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் சொன்னதுதான் சட்டம். ஏனென்று கேட்க ஆளில்லை.

அவனிடம் முரசறைந்தவன் எயினன். அரசன் கட்டளையை ஊருக்குச் சொல்வான். ஊர் சொன்னதை அரசனிடம் சொல்வான்.

முதல் வருடம் மழை பொய்த்தது. விளைந்ததில் பாதி அரண்மனைக் களஞ்சியத்துக்கு என்று எயினன் முரசறைந்தான். ஊர் அழுதது. அவன் போய்ச் சொன்னான். பசித்தவர்கள் அழத்தான் செய்வார்கள் என்று சொல்லிவிட்டு, அரசன் விருந்துக்கு உட்கார்ந்தான்.

இரண்டாம் வருடமும் மழையில்லை. அரசன் குளத்து மதகை அடைத்து, இருந்த நீரைத் தன் தாமரைத் தடாகத்துக்குத் திருப்பினான். ஊர் மண்ணை வாரித் தூற்றியது. எயினன் அதையும் சொன்னான். இனிக் குறை சொல்பவனுக்கு நாக்கு இருக்காது என்றான் அரசன். மூன்று பேரின் நாக்கை அறுத்தும் காட்டினான்.

மூன்றாம் வருடம், கோட்டை மதில் கட்ட வீட்டுக்கு ஓர் ஆள் கூலியின்றி வரவேண்டும் என்று கட்டளை. எயினன் தெருத்தெருவாக முரசறைந்தான். யாரும் அழவில்லை, ஏசவில்லை. வாசலில் நின்று அவனையே பார்த்தார்கள். 

வீட்டுக்கு வந்தான். போன மாதம் சேற்றுநீரைக் குடித்து, காய்ச்சல் கண்டு, அவன் மகள் இறந்திருந்தாள். அன்று முதல் மனைவி நங்கை பேசுவதில்லை. ஏதாவது சொல் என்று கெஞ்சினான். அவளும் தெருவில் நின்றவர்களைப் போலவே பார்த்தாள்.

அரண்மனையில் அரசன், ஊர் என்ன சொன்னது என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றதும், அடங்கிவிட்டார்கள் என்று சிரித்தான்.

எயினனுக்கு அறுபட்ட மூன்று நாக்குகளும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் சொன்னான்: "அரசே, அழுதபோது நீங்கள் இரங்குவீர்கள் என்று நம்பினார்கள். ஏசியபோது நீங்கள் திருந்துவீர்கள் என்று நம்பினார்கள். இப்போது உங்களிடம் கேட்க அவர்களுக்கு எதுவுமில்லை. இன்றே களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள்."

நாளை இவன் நாக்கையும் அறுங்கள் என்றான் அரசன்.

மறுநாள் உச்சிவேளையில் எயினனைக் கட்டிக் கோட்டை வாசலுக்கு இழுத்துவந்தார்கள். வெளியே ஊர் முழுவதும் நின்றது. அத்தனை பேரில் ஓர் இருமல் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. நாக்கறுபட்ட மூவரும் முன்னால் நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் நங்கை.

கூட்டத்தின்மேல் வேல்களை எறியுங்கள் என்று அரசன் கத்தினான். காவலர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். அங்கே அவர்களைப் பெற்றவர்கள் நின்றார்கள். ஒருவன் தன் வேலைத் தரையில் வைத்தான். பிறகு அடுத்தவன். பிறகு எல்லோரும்.

கூட்டம் உள்ளே வந்தது. ஓடவில்லை, நடந்தது. அரசன் குறுக்கே நின்று கட்டளைமேல் கட்டளை போட்டான். அங்கே ஆளே இல்லாததுபோல் அவனைக் கடந்துபோனார்கள். சிலர் களஞ்சியத்தைத் திறந்தார்கள், சிலர் மதகைத் திறந்தார்கள். அரசன் எந்த வழியாகப் போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. நங்கை எயினனின் கட்டை அவிழ்த்தாள்.

"இந்தத் தண்ணீர் அன்றைக்கே வந்திருந்தால் நம் பிள்ளை இருந்திருப்பாள்" என்றாள்.

அப்போதுதான் அந்த ஊர் வாய்விட்டு அழுதது.

குடிகளின் அழுகைக்குக் காது கொடுக்காத அரசன், அவர்கள் மௌனமாகும் நாளில் நாட்டை இழப்பான்.