அடுப்பைப் பார்க்காத நாள்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எதையாவது முன்னே பின்னே சொல்லி, எங்கள் வீட்டைக் குடிகாரர்கள் மடம் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது? எங்களோடு தங்கியிருக்கிற பபிதாவிடம் கேட்டேன். தாராளமாகச் சொல், ஆனால் என்னைக் கொஞ்சம் ஒல்லியாகச் சொல் என்றாள். அவள் ஒல்லி இல்லை. இதோ, முதலிலேயே ஒரு தப்பு வந்துவிட்டது.

திருச்சியில் உறையூர்ப் பக்கம் ஒரு வாடகை வீடு. போக்கிடம் இல்லாத பெண்களும் திருநங்கைகளும் அதில் தங்கியிருக்கிறார்கள். நான் சமைக்கிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நடத்துகிறவர் தாரகை. அவரும் திருநங்கைதான். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். ஆனாலும் அவரை எல்லோரும் அம்மா என்போம். திருநங்கைகள் வழக்கத்தில் குருவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சீடருக்குச் சேலா என்று பெயர்.

மற்ற இடங்களில் குடித்தால் வெளியே போ என்பார்கள். இங்கே அப்படிக் கிடையாது. சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுக் குடிக்க வேண்டும், அறையைத் தாழ் போடக் கூடாது, யார் மேலும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான். குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறவர்களை அம்மா டாக்டரிடம் கூட்டிப்போவார். தோன்றாதவர்களிடம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்.

இது எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம், பபிதா கொஞ்சம் போட்டுவிட்டு வந்து, டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்து மூலையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ரேஷன் கடையிலிருந்து திரும்பிய நான் வாசலிலேயே வாசனை பிடித்து, ஓடி மூடி, எல்லா ஜன்னல்களையும் திறந்து, அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பித்தேன். கத்தி முடிக்க நேரமாயிற்று.

பபிதா எழுந்து, அக்கா, பால் வீணாகிவிட்டதா என்று கேட்டாள்.

நேராக அம்மாவிடம் போனேன். அவர் அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். வீடே பற்றிக்கொண்டு போயிருக்கும் என்றேன். குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லையா என்றேன். மனசு வைத்தால் விட முடியாதா, எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் கடலையை என் பக்கம் நகர்த்தினார்.

"அடுப்பை மூடிட்டீங்களாக்கா?"

மூடிவிட்டேன் என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

பார்த்தேன். இருந்தாலும் அவர் கேட்டதும் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது.

"சிலிண்டர் பக்கம்?"

அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே இன்னொரு முறை எழுந்து போனேன்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்பை மூடினால் எனக்கு மூடின மாதிரி இருக்காது. குமிழைத் தொட்டு, குனிந்து மோந்து, 'மூடியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலு எட்டு வைத்ததும், சொன்னோமா என்று சந்தேகம் வரும். தங்கை மகள் கல்யாணத்துக்குத் துறையூர் போகிறபோது பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள் நான். தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்:

"நாளைக்கு விடிஞ்சதுலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அடுப்பைப் போய்ப் பாக்காம இருங்க. சமையலை எஸ்தர் பாத்துக்கட்டும். இருந்துட்டீங்கன்னா, பபிதாவை நானே பையைத் தூக்கச் சொல்லிடறேன்."

"இவ்வளவுதானாம்மா?"

"மனசு வச்சா முடியாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கடலையை உரித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பபிதா கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாச் சுவருக்கும் அந்தப் பக்கம் யாராவது இருப்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் பபிதா பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை. முதுகில் ஒரு தழும்பு இருக்கிறது. பூனை பிறாண்டிவிட்டது என்பாள். அவ்வளவு பெரிய பூனை எந்த ஊரிலும் இல்லை. வெளியே போனால் அவள் போக வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீடு எரிந்தால் எல்லோருக்கும் அதே இடம்தானே என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பபிதா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "அக்கா, நீதான் அம்மாவுக்குப் புதுச் சேலாவாமே. குருவுக்குக் கால் அமுக்கணும், தெரியுமில்ல?"

நான் காரியத்தில் கண்ணாக இருந்தேன்.

எஸ்தர் நல்ல பிள்ளை. புருஷன் அடித்துத் துரத்தியதால் வந்தவள். ஆனால் குக்கரை வைத்துவிட்டு செல்போனோடு வாசலுக்குப் போய்விடுவாள். இட்லி ஆனதும் அடுப்பை மூடிவிட்டாயா என்று கூடத்திலிருந்தே கேட்டேன். மூடியிருப்பேன் என்றாள். மூடியிருப்பேனாம். அதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு மனுஷி எப்படி இட்லி தின்பாள்?

துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். கொல்லையிலிருந்து சமையலறை ஜன்னல் தெரியும். கழுத்தை நீட்டியபோது பின்னால் பபிதா நின்றாள்.

"தொடலையே, சும்மா பாக்கத்தானே போனேன்" என்றேன்.

"நானும் பாட்டில் மூடியைத் திறந்து மோந்து பாக்கத்தான் போவேன்" என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்த்தது. இந்த ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் சாயங்காலம் வரை நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றியது. நாளையிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. யாரும் இல்லாத நேரம் எது என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போகலாம். தண்ணீர்ப் பானை கூடத்தில்தான் இருந்தது. அதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று சண்டை போட்டேன்.

மத்தியானச் சமையல் முடிந்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. சோற்றைப் பிசைய முடியவில்லை. பபிதா தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் நினைத்தேன், இவள் இப்போது, அக்கா, ஏதோ வாசனை வருகிறதே என்று சொல்வாள். ஒரு வார்த்தை போதும். நான் ஓடிவிடுவேன். அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம்.

அவள் அதைச் சொல்லவில்லை.

"முதல்ல நாலு வாய் சாப்பிடு. வெறும் வயித்துல ரொம்பப் பிடுங்கும்."

சாப்பிட்டேன்.

"தனியா உக்காராதே. வேகம் ஏறும், ஏறும், இதோட செத்தேன்னு நினைப்பே. அப்புறம் தானா எறங்கிடும். அதுவரைக்கும் எதையாவது பேசிட்டிரு."

என்ன பேசுவது என்றேன். துறையூர்க் கல்யாணத்தைப் பேசு என்றாள். நான்தான் அதைப் பார்க்கவில்லையே என்றேன். அப்படியென்றால் பொய் சொல் என்றாள். மாப்பிள்ளை பூனைக்கண்ணன், பந்தியில் பாயசம் தீர்ந்துபோய்ச் சம்பந்திகள் சண்டை என்று ஒரு கல்யாணத்தையே கட்டிச் சொன்னேன். அவள் நடுநடுவே, பெண்ணுக்கு என்ன புடவை, மேளம் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேகம் ஏறியது. பிறகு அவள் சொன்ன மாதிரியே இறங்கியது. மறுபடி ஏறியபோது மறுவீட்டு விருந்து வரைக்கும் போனோம்.

அன்று அவளும் குடிக்க வெளியே போகவில்லை. கேட்டதற்கு, உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டாயா என்று அவளிடம் கேட்டு, பக்கத்தில் இருந்து போட வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

வெயில் தாழ்ந்தபோது எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. பபிதாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "லூசு. அக்கா ஜெயிச்சா நீதான் வெளியே போகணும். தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அதுக்காக? கை இப்படி ஆடுறதைப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? எனக்குத் தெரியாதா அது?"

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து பையின் ஜிப் சத்தம் கேட்டது. இழுபட்டது, சிக்கிக்கொண்டது, மறுபடி இழுபட்டது. சிக்கின இடத்தில் அவள் அந்த ஜிப்பைத் திட்டிய வார்த்தையை இங்கே சொல்ல முடியாது.

தெருவில் பூக்காரி போய்விட்டாள். எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் போடவில்லை. எஸ்தர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குச்சியைக் கிழித்தால் முடிந்துவிடும். அவள் கிழிக்காமல் நின்றாள்.

நான் எழுந்தேன். சமையலறைக்குப் போனேன். குமிழைத் தொட்டேன். குனிந்து மோந்தேன். 'மூடியாச்சு' என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"முடியலையாக்கா? இல்ல, மனசு வரலையா?"

யோசித்துப் பார்த்தேன். முடியாமல்தான் போனேன் என்று சொல்லலாம். வேகம் அப்படித்தான் ஏறியிருந்தது. அந்த ஜிப் சத்தத்துக்காகப் போனேன் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாக இருக்கும் என்று பட்டது.

"தெரியலம்மா."

"பபிதாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்றா" என்றார். பிறகு எஸ்தரைப் பார்த்து, விளக்கை ஏற்று என்றார்.

உள்ளே பபிதா பையிலிருந்து துணிகளை எடுத்துப் பரணில் வைத்துக்கொண்டே, அந்த மாப்பிள்ளைக்குப் பூனைக்கண் நிஜமா பொய்யா என்று கேட்டாள்.

இப்போது இப்படிச் செய்கிறோம். வெளியே புறப்படும்போதே அவள் என்னிடம் சொல்லிவிடுவாள். நான் அவளைச் சாப்பிடவைத்து அனுப்புவேன். அவள் திரும்பி வந்ததும் டீயை நானே போட்டுக் கொடுத்துவிட்டு, சிலிண்டரின் தலையிலேயே கேஸை அடைத்துவிடுவேன். அடைத்ததை ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று பேச்சு. அதையும் தனியாகப் பார்க்கக் கூடாது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். தள்ளாடிக்கொண்டுதான் வருவாள். நான் குனிந்து பார்த்ததும், மூடியாச்சு என்று எனக்குப் பதிலாக அவள் சொல்லுவாள். நான் திரும்பி நடந்துவிடுவேன்.