ஆச்சு டாக்டர்

பாளையங்கோட்டையில் தேவகிருபை என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு டீச்சராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பது வயதுக்குமேல் படிக்க வந்தவள். அவளுக்கு வழிகாட்டி மனநல மருத்துவர் சுபைதா. வயதில் இளையவர். சிஷ்யையை "டீச்சர்" என்று கூப்பிட்ட குரு அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டினி கிடப்பார்கள், தின்றதை ஒளித்து வாந்தி எடுப்பார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்பானிய மொழியில் ஒரு கேள்வித்தாள் உண்டு. கிருபை அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து, ஒரு விடுதியின் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்கினாள். மதிப்பெண் கூடினால் சந்தேகம், குறைந்தால் பயமில்லை.

சந்தேகத்தில் சிக்கிய சொற்பப் பேரையும் சுபைதா நேரில் பேசிப் பார்த்தார். அத்தனை பேருக்கும் நோய் இருந்தது. கிருபைக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூனில் மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் தாள் போவதாக ஏற்பாடு. கையெழுத்து வாங்க வந்தவளிடம் சுபைதா, மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை யார் பார்த்தது என்று கேட்டார். நன்றாக இருப்பவர்களை எதற்குப் பார்ப்பது என்றாள் கிருபை. அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"தாள் உண்மையச் சொல்லுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டாக்டர்."

சுபைதா மேசைக்கு அடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்தார்.

"சாப்ட்டாச்சா டீச்சர்?"

"ஆச்சு டாக்டர்."

சுபைதா வேறு பேச்சில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். மீன் குழம்பு. அவசரமே படாமல் முள்ளை எடுத்து எடுத்து வைத்துச் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த கிருபையின் வயிறு சத்தம் போட்டு அவளைக் காட்டிக்கொடுத்தது.

"என்ன சாப்ட்டீங்க?"

காலையில் குடித்த காப்பிதான் என்று ஒத்துக்கொண்டாள்.

"நான் கேட்டது புரியலையா?"

"புரிஞ்சுது."

"பின்ன ஏன் ஆச்சுன்னு சொன்னீங்க?"

"உங்க சாப்பாட்டுல பங்கு கேட்ட மாதிரி ஆயிரக் கூடாதுல்லா. யாரு கேட்டாலும் அப்படித்தான சொல்லுவோம்."

சுபைதா தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

தனியே இருந்த கிருபைக்கு அந்த விடுதியின் சாப்பாட்டுக்கூடம் ஞாபகம் வந்தது. வார்டனம்மா தங்கமானவர்தான். தினமும் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சாப்ட்டாச்சா என்று கேட்பார். ஆச்சு மிஸ் என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் வெளியே போவார்கள். தாளையும் அதே கூடத்தில், அவர் கையால்தான் கொடுக்கச் சொல்லியிருந்தாள். பியூலா என்றொரு பிள்ளை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நீட்டியது. நீட்டியபோது கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. அதைக் கண்ணால் பார்த்தும், தாள் சுத்தமாக இருக்கிறதே என்று கிருபை சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

அன்றே விடுதிக்குப் போனாள். தேறிய பிள்ளைகளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று வார்டனம்மா தடுத்தார். கிருபை பிடித்த பிடியை விடவில்லை. நாள்தோறும் சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகே பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் பாவாடையைப் பிழிந்துகொண்டே பியூலா தானாகச் சொன்னாள்.

"சோறு எறங்கி ரொம்ப நாளாச்சு டீச்சர்."

சுபைதா அவளை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார். மதிப்பெண் குறைந்த மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். தாள் விட்டுவிட்ட பிள்ளைகள் இன்னும் சிலர் அகப்பட்டார்கள். கிருபையின் அழகான கணக்கெல்லாம் பாழானது.

அவள் அழவில்லை. மறுநாள் வந்து சுபைதாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து தொடங்கப் போறேன் டாக்டர். இந்த ஜூன் இல்லன்னா அடுத்த ஜூன். வார்டனம்மா கையால ஒரு தாளும் போகாது. மதிப்பெண் கொறஞ்ச பிள்ளைகளயும் பாத்துத்தான் கணக்குப் போடணும்."

"சரி."

"கேள்விய எப்படி மாத்துறதுன்னுதான் இன்னும் பிடிபடல."

சுபைதா டிபன் கேரியரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சாப்ட்டாச்சா டீச்சர்?"

பழக்கத்தில் கிருபையின் வாய் திறந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். நல்ல பசி."

சுபைதா ஒரு கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் கேள்விய மாத்தலையே டீச்சர்," என்றார்.