மாஸ்டரின் வோட்டு

ஸ்காபரோ கோயில் மண்டபத்தில் குடியுரிமைச் சோதினைக்கு வகுப்பெடுத்த அருளம்பலம் மாஸ்டருக்கு அதட்டாமல் பேச வராது. வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த பவளராணியை எழுப்பினார்.

“புத்தகம் முழுக்க மனப்பாடமாச் சொல்லும். இல்லாட்டி நாளையிலயிருந்து வகுப்புக்கு வராதையும்!”

அவள் பணிவாய்ச் சொன்னாள்: “வோட்டுப் போடுறது குடிமக்களின்ர கடமையெண்டு படிப்பிச்சனீங்கள், மாஸ்டர். நாளைக்கு எலெக்‌ஷன். நீங்கள் போடேக்க எங்களையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கோவன்.”

வகுப்பே கைதட்டியது. மாஸ்டர் வேலை என்றார், பிறகு கால்வலி என்றார்.

“பரவாயில்லை, நாங்கள் தாங்கிக்கொண்டு போறம்,” என்றாள் பவளராணி.

மாஸ்டர் புத்தகத்தை மூடிவைத்தார். “எனக்கு வோட்டு இல்லை, பிள்ளை. பயத்தில இன்னும் சோதினை எழுதேல்லை.”

பவளராணி தன் வாங்குப் பலகையில் தள்ளி இருந்து அவருக்கு இடம்விட்டாள்.

“உங்களுக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடமெண்டால் பிறகென்ன பயம்? வாங்கோ மாஸ்டர், சேர்ந்தே எழுதுவம்.”